ஐ/ஓ கனெக்டா, டெவ்ஃபெஸ்டா: ஒன்றுக்குத்தான் லீவு என்றால்

கூகுள், மென்பொருள் எழுதுபவர்களுக்கான தன் ஐ/ஓ மாநாட்டை மே மாதம் கலிபோர்னியாவில் நடத்துகிறது. அதன் இந்தியப் பதிப்பான ஐ/ஓ கனெக்ட் 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் ஜூலையில் பெங்களூருவில் நடந்தது. டெவ்ஃபெஸ்ட் வேறு ரகம். ஜிடிஜி (கூகுள் டெவலப்பர் குழுக்கள்) தன்னார்வலர்கள் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னை, கோவை என ஊருக்கு ஊர் நடத்துவது அது. கனெக்ட் இலவசம்தான், ஆனால் விண்ணப்பித்து அழைப்பு வர வேண்டும். டெவ்ஃபெஸ்டில் பெரும்பாலும் டிக்கெட் எடுத்தால் போதும்.

மேடை உரைகளுக்காக இரண்டுக்குமே போக வேண்டியதில்லை. ஐ/ஓ உரைகள் மே மாதமே யூடியூபில் வந்துவிடுகின்றன. கனெக்டில் இந்தியாவுக்கென்று தனி அறிவிப்புகளும் உண்டு. 2024 ஜூலையில் மேப்ஸ் ஏபிஐகளில் (ஆப்புகள் கூகுள் மேப்ஸைப் பயன்படுத்த உதவும் இணைப்புகள்) பெரும்பாலானவற்றின் விலையை இங்கே 70% வரை குறைப்பதாக அறிவித்தார்கள். அதுவும் அன்றைக்கே செய்தியில் வந்துவிட்டது.

கனெக்டுக்குப் போக வலுவான காரணம் ஒன்றுதான்: நீங்கள் தினமும் பயன்படுத்தும் கருவியின் குழுவில் இருப்பவரையே பிடித்துக் கேட்கலாம். வெறுங்கையோடு போனால் அது வீண். “சில போன்களில் என் ஆப் பின்னணியில் ஓடமாட்டேங்குது” என்றால், “பிக்சலில் இதே பிரச்சினை வருகிறதா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பிக்சல் கூகுளின் சொந்த போன். அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், போன் தயாரிப்பாளரின் பேட்டரி சிக்கனம்தான் காரணம் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆப்பை இணையம் வழியே பல போன்களில் சோதிக்க உதவும் கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேபில் இலவச அளவுக்குள்ளேயே பிக்சலில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடலாம். பிரச்சினையை மட்டும் காட்டும் சின்ன புராஜெக்ட், லாக்கேட் பதிவு (ஆண்ட்ராய்டு எழுதிவைக்கும் பிழைக் குறிப்புகள்), கூகுளிடம் பிழையைப் புகார் செய்யும் தளமான இஷ்யூ டிராக்கரின் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். மதிய இடைவேளையில் அந்தக் குழுவினரைக் கூட்டம் மொய்க்கும். மேடையில் உரை ஓடும்போது அவர்களிடம் போங்கள்.

டெவ்ஃபெஸ்டில் அந்தக் குழுவினர் கிடைப்பது அரிது. ஆனால் பேசுபவர்கள் உள்ளூர் நிறுவனங்களில் அதே கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். தமிழிலேயே சாவகாசமாகக் கேட்கலாம். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும் எங்கள் ஓட்டு இதற்குத்தான். தரம் மட்டும் ஏறி இறங்கும். டிக்கெட் எடுக்கும் முன் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். “ஏஐயின் எதிர்காலம்” மாதிரித் தலைப்புகளே நிறைந்திருந்தால் அந்த ஆண்டு விட்டுவிடலாம்.

கோட்லேப் (லேப்டாப்பில் கூடவே செய்து பார்க்கும் பயிற்சி) சொதப்புவது இரண்டிலும் ஒரே இடத்தில்தான். நூறு பேர் ஒரே நேரத்தில் கிரேடில் (ஆப்பை பில்ட் செய்யும் கருவி) கேட்கும் சார்பு நூலகங்களை இறக்கினால் அரங்க வைஃபை படுத்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எஸ்டிகே (ஆப் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு), எமுலேட்டர் (கணினியில் ஓடும் போலி போன்) இமேஜ் எல்லாம் சேர்ந்து பல ஜிபி வரும். எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி ஒருமுறை பில்ட் செய்யுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு கிளீன் பில்ட் (பழையதை அழித்து முதலிலிருந்து பில்ட்) கொடுங்கள். பிழை வந்தால் ஏதோ இன்னும் இறங்கவில்லை. கூகுள் கிளவுடைக் காசில்லாமல் பயன்படுத்த கிரெடிட் கூப்பன் தந்தால் சொந்த ஜிமெயிலில் போடுங்கள். ஆபீஸ் கணக்கில் புராஜெக்ட் உருவாக்கவோ பில்லிங்கை இணைக்கவோ அனுமதி இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

செலவில் டெவ்ஃபெஸ்ட்தான் லேசு. பெங்களூருவுக்கு சென்னையிலிருந்து காலை 5:50 வந்தே பாரத்தில் கிளம்பினால் போய்ச் சேரவே 10 மணி தாண்டிவிடும், தொடக்க உரை போய்விடும். முந்தைய இரவு ரயிலே சரி. அரங்கு எங்கே என்று பார்த்து இறங்குங்கள். ஒயிட்ஃபீல்டு கேடிபிஓ கண்காட்சி அரங்கு என்றால் கே.ஆர்.புரத்தில் இறங்கி பர்ப்பிள் லைன் மெட்ரோ. தும்கூர் சாலை பிஐஇசி கண்காட்சி அரங்கு என்றால் கிரீன் லைன் மெட்ரோவில் மாதாவரா நிலையம். இரண்டும் நகரத்தின் எதிரெதிர் முனைகள். அழைப்பு உறுதியாகும் முன் திருப்பித் தராத ஹோட்டல் அறை போடாதீர்கள்.

கனெக்ட் தராத ஒரு வாய்ப்பு டெவ்ஃபெஸ்டில் உண்டு: நீங்களே மேடையேறலாம். பேச விரும்புவோருக்கான படிவத்தைப் பல குழுக்கள் நிகழ்ச்சிக்குச் சில வாரங்கள் முன்பே திறக்கின்றன. “ஃபிளட்டர் அறிமுகம்” என்று அனுப்பினால் அது குவியலில் ஒன்று. “எங்கள் ஆப்பின் தொடக்க நேரத்தை எப்படிக் குறைத்தோம்” என்று, அளந்த எண்களோடு அனுப்புங்கள்.