ஃப்ளாரன்ஸில் தோல் பை வாங்கப் போகிறீர்களா? லைட்டர் வித்தையை நம்பாதீர்கள்

ஃப்ளாரன்ஸ், சான் லொரென்சோ சந்தைப் பக்கம் ஒரு கடை. என் மனைவிக்கு 120 யூரோவுக்குக் கைப்பை வாங்கினேன். கடைக்காரர் லைட்டரைக் கொளுத்திப் பையின் மேல் ஒரு வீச்சு வீசி, கருகாததைக் காட்டினார். உள்ளே ‘வேரா பெல்லே’ (அசல் தோல்), ‘மேட் இன் இத்தாலி’ என்று பொன்னிற முத்திரை. கைப்பிடியில் மாதிரிக்கு ஒரு தோல் துண்டும் தொங்கியது.

சென்னையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. தோள்வார் மடங்கும் இடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து புடவையில் ஒட்டியது.

பெரியமேட்டில் பை தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். முத்திரையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாரின் ஓரத்தில் பூசியிருந்த பெயின்டை பிளேடால் சீவினார். உள்ளே துணி நெசவு, மேலே பிளாஸ்டிக் படலம். “இது ரெக்சின் சார்” என்றார். முன்பக்கத்தைச் சீவியதும் நார் நாராக வந்தது. அது தோல்தான். ஆனால் மேல்தோலைப் பிளந்து எடுத்தபின் மிஞ்சும் அடித்தோல். அதன்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல் வரி மாதிரி அச்சு அழுத்தியிருக்கிறார்கள். தொங்கிய மாதிரித் துண்டு மட்டும் சுத்தமான அசல்!

ஒரு நொடி தீ பட்டால் ரெக்சினும் கருகாது. தோல் வாசனையைத் தெளித்தும் விடலாம். அதனால் ஓரத்தைப் பாருங்கள். வார், பாக்கெட், ஜிப் பக்கம் என எங்காவது பெயின்ட் பூசாத வெட்டு இருக்கும்; அங்கே நார் தெரிய வேண்டும். வாரைத் தனியாகப் பாருங்கள். மேற்பரப்பின் துளைகள் அச்சடித்தாற்போல ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஷூ என்றால் சுலபம்: ஐரோப்பிய லேபிளில் விரித்த தோல் படம் இருந்தால் தோல், வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள்.

‘மேட் இன் இத்தாலி’ என்பது பை உருவான இடத்தைத்தான் சொல்லும். தோல் நம் ஆம்பூரிலிருந்து போயிருந்தாலும் அந்த முத்திரை விழலாம் (அது மட்டமான தோலும் இல்லை). ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்தில் மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல்தான் வேண்டுமென்றால், அங்குள்ள பதனிடுவோர் கூட்டமைப்பின் எண்ணிட்ட சான்றிதழைக் கேளுங்கள். ஃப்ளாரன்ஸிலேயே சாந்தா க்ரோச்சே தேவாலயத்தை ஒட்டிய ஸ்குவோலா தெல் குவோயோ என்ற தோல் கைவினைப் பள்ளியில் கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்த்தே வாங்கலாம். விலை கொஞ்சம் கடிக்கும்.

கடைக்குப் படங்களோடு மெயில் போட்டேன். முன்பக்கம் தோல்தானே என்று பதில் வந்தது. செயற்கைப் பொருளைத் தோல் என்று சொல்லி விற்பதை இத்தாலியின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அப்படியானால் வார் என்ன என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.