‘ஆய்வு சொல்கிறது’ என்றார்கள், 52,700 ரூபாய் கொடுத்தேன்

காரைக்குடி, பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவியல் ஆய்வின் பெயரைச் சொல்லி ‘நம்பிக்கை மாற்றப் பயிற்சி’ என்று யாராவது அழைத்தால், அன்றைக்கே பணம் கட்டாமல் ஒரு வாரம் ஆறப்போடுங்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். எந்த எண்ணையும் சரிபார்க்காமல் விடமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

அழைத்துப் போனவர் என் மனைவியின் தம்பி. “அத்தான், ஒரு சாயங்காலந்தானே, வந்து கேளுங்க, பிடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துருவோம்” என்றார். பதிவுக் கட்டணம் 200 ரூபாய். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் கூட்டம். முகப்பைத் தாண்டி வளவு என்னும் உள்முற்றத்துக்குள் நுழைந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கையில் கொடுத்தார்கள். பிறகு வாழையிலைத் துண்டில் இரண்டு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வந்தன. பணியாரம் நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்ததைவிடச் சாப்பிட்டது அதிகமோ என்ற கூச்சத்துடன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அந்தக் கூச்சம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பது அப்போது தெரியவில்லை.

பேசியவர் வாக்கியத்துக்கு வாக்கியம் “ஆய்வு சொல்கிறது” என்றார். நான் குறித்துக்கொண்டவற்றில் இரண்டை இங்கே எழுதுகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பட்டம் பெற்றவர்களில் தம் இலக்கைத் தாளில் எழுதி வைத்திருந்த 3 சதவீதத்தினர், இருபது ஆண்டுகள் கழித்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அதிகம் சேர்த்திருந்தார்கள் என்பது முதலாவது. எந்தப் பழக்கமும் 21 நாளில் மனத்தில் பதிந்துவிடும் என்பது இரண்டாவது. என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால், எத்தனை பேரைக் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருப்பேன். அங்கே தலையாட்டினேன்.

அடுத்து 4,500 ரூபாய்க்கு இரண்டு நாள் முகாம். அதில் இரண்டாம் நாள் மாலை நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறு மாத வழிகாட்டுதலுக்கு 48,000 ரூபாய் என்று அறிவித்துவிட்டு, “வாழ்க்கையை மாற்றத் தீர்மானித்தவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்” என்றார்கள். முன்வரிசையில் ஆறு பேர் சட்டென்று எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இரண்டாம் வரிசையில் நால்வர், பிறகு அங்கங்கே ஒவ்வொருவராக எழ, உட்கார்ந்திருப்பவர்கள்தாம் கண்ணில் உறுத்துபவர்கள் என்ற நிலை வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஆச்சி ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடியே, “தம்பி, ரசீது யார் பேருல குடுப்பீக?” என்று கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “இதைத்தான் எதிர்மறை எண்ணம் என்கிறோம்” என்று சொல்ல, கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆச்சி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்து நின்றேன். ‘உறுதிமொழி அட்டை’யில் கையெழுத்திட்டு, ஒரு தனிநபர் பெயரில் இருந்த கணக்குக்குக் கைபேசியிலிருந்தே பணத்தை அனுப்பினேன்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை யாரோ பேசினார்கள். இரண்டாம் மாதம் எல்லோருக்கும் பொதுவான குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் வந்தன. மூன்றாம் மாதம் அதுவும் நின்று, “உங்கள் வளர்ச்சிக்கு நீங்கள் மூன்று பேரை அழைத்து வர வேண்டும்” என்ற செய்தி மட்டும் வந்தது. வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அந்த நாள்களில் மனைவி கேட்டபோதெல்லாம் பயிற்சி அருமையாக இருக்கிறது என்றே சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வுகூட இல்லாமல், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

உளவியல் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தவள், என் நோட்டைப் புரட்டிவிட்டு, “அப்பா, இந்த யேல் ஆய்வு எதில் வந்தது?” என்று கேட்டாள். எதிலும் வரவில்லை. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கான தடயமே இல்லை என்று அந்தப் பல்கலைக்கழகத் தரப்பிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். 21 நாள் கணக்கு, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், நோயாளிகள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. உளவியல் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் லண்டனில் 96 பேரைக் கொண்டு உண்மையாகவே அளந்து பார்த்தபோது, ஒரு பழக்கம் இயல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள்.

மேடையில் பொய்யான ஆய்வைச் சொன்னவர்கள், மெய்யான ஆய்வுகளை எங்கள்மேல் ஓசையில்லாமல் நடத்திக் காட்டியிருக்கிறார்கள் என்பதை மகளின் பாடப் புத்தகத்தில்தான் கண்டேன். 1966-இல் கலிபோர்னியாவில் ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற உளவியலாளர்கள் வீட்டு வாசலில் பெரிய அழகற்ற சாலைப் பாதுகாப்புப் பலகையை நட இடம் கேட்டபோது, நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் 17 சதவீதத்தினர்தாம் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பு ஒரு சின்ன அட்டையை ஒட்டச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதத்தினர் சரி என்றார்கள். என் 200 ரூபாய்தான் அந்தச் சின்ன அட்டை. அரான்சனும் மில்ஸும் 1959-இல் கண்டது இன்னும் சுட்டது: ஒரு குழுவில் சேர அதிகச் சங்கடப்பட்டவர்கள், சுவையற்ற அதன் பேச்சையும் சுவையானது என்றே மதிப்பிட்டார்கள். மனைவியிடம் நான் சொன்ன பதிலை அது விளக்கியது.

ஆனால் என்னை உறங்கவிடாதது சாலமன் ஆஷ் 1951-இல் செய்ததுதான். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, ஏற்கெனவே சொல்லிவைத்த கூட்டம் ஒருமித்துத் தவறான விடையைச் சொன்னால், கண்ணால் கண்ட உண்மையை விட்டுவிட்டு, பங்கேற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, அப்படிப் போகும் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அன்று முகாமில் அந்த ஒருவராக ஆச்சி இருந்தார். அவரைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். சொல்லிவைத்த ஆட்களும் இருந்தார்கள். நான்காம் மாதம் என் மைத்துனரை, மீதிக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறோம், அடுத்த முகாமில் முன்வரிசையில் உட்காருங்கள் என்று கூப்பிட்டபோது அது உறுதியானது. அவர் போகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பிற்பாடு தபாலில் வந்த சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வரி எண் இல்லாத அந்தச் சீட்டில் ‘நன்கொடை’ என்று அச்சடித்திருந்தது. ஆச்சி கேட்ட கேள்வியின் கனம் அப்போதுதான் புரிந்தது. ‘கட்டணம் 48,000’ என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பலன் இல்லாததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இவர்களிடம் ஏமாந்தவர்கள் அட்டை, சீட்டு, பணம் அனுப்பிய விவரம் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

மைத்துனரின் கைபேசிக்கு நேற்று ஒரு செய்தி வந்திருக்கிறது. வரும் மாதம் தேவகோட்டைப் பக்கம் முகாமாம். இம்முறை பதிவுக் கட்டணமும் இல்லை, மாலைச் சிற்றுண்டி உண்டு என்று போட்டிருக்கிறார்கள்.