'சீல் பிரிக்காத 1962 அவுட்லா' விற்பனைக்கு வந்தால் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

இணைய ஏலத்தில் "1962 முதல் வெளியீடு, ஃபேக்டரி சீல் பிரிக்கவே இல்லை" என்ற விளம்பரத்தை நம்பி, ரெவெல் கம்பெனியின் எட் ராத் (அமெரிக்க கார் வடிவமைப்பாளர்) 'அவுட்லா' மாடல் கார் கிட் (பாகங்களாக வருவது, நாமே ஒட்டிக் கட்ட வேண்டும்) ஒன்றுக்கு 185 டாலர் கட்டியாயிற்று. வந்து சேர்ந்த அட்டைப்பெட்டி நிஜமாகவே பழையதுதான். உள்ளே இருந்த சரக்கு பழையதல்ல. பெரும்பாலான பாகங்கள் பல வருடம் கழித்து வந்த மறுவெளியீட்டினுடையவை. குரோம் பாகங்களில் மூன்று, யாரோ ரெசினில் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிசின்) வார்த்த நகல். டயர்கள் வேறு ஏதோ கிட்டிலிருந்து எடுத்தவை. குறிப்புத்தாளில் இருந்த முகவரி 1962-இல் இருந்திருக்கவே முடியாதது. இத்தனையையும் ஒரு பழைய பெட்டிக்குள் போட்டு, மேலே புது பிலிம் சுற்றி, சூடு காட்டிச் சுருக்கி 'சீல்' ஆக்கியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "சீல் போட்ட பெட்டி. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?" இந்த ஒரு பதிலை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. வாங்குபவரும் பிரிக்கத் தயங்குவார், ஏனென்றால் பிரித்தால் விலை போய்விடும். இப்படியே ஒரு போலிப் பெட்டி நாலு கை மாறும், ஒருவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. பழைய ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்தது) கிட் வாங்குகிறவர்கள் முதலில் மனதில் மாற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: பிலிம் சுற்றிய பெட்டியைவிட, பிரித்து, பாகங்களை எண்ணி, மேசையில் பரப்பிப் படம் எடுத்துப் போட்ட பெட்டிக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பிலிம் எதற்கும் சாட்சி அல்ல. சுருக்குப் பிலிம் ரோல் பேக்கிங் சாமான் கடையில் கிடைக்கிறது. ஒரு ஹாட் ஏர் கன் இருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் பின்னால் சுற்றிய பிலிம் தன்னையே காட்டிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. இந்தப் பெட்டியில் மூடியின் நாலு மூலையும் தேய்ந்து, அச்சு உரிந்து, வெள்ளை அட்டை தெரிந்தது. அதன் மேலிருந்த பிலிமில் ஒரு கீறல்கூட இல்லை. அட்டை தேய்ந்த காலத்தில் மேலே பிலிம் இல்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? இன்னொன்று, பழைய கடையின் விலைச் சீட்டு. ஃபேக்டரியில் சுற்றிய பெட்டி என்றால் கடைக்காரர் சீட்டைப் பிலிமின் மேல்தான் ஒட்டியிருப்பார். சீட்டு பிலிமுக்கு அடியில், அட்டையின் மேல் ஒட்டியிருந்தால், கடைக்குப் போய்வந்த பிறகு யாரோ சுற்றியிருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் சீட்டு இல்லை, ஆனால் சீட்டைப் பிய்த்த பசைத் தடம் பிலிமுக்கு அடியில் இருந்தது. ஏலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்தது வருடக் கணக்கு. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். "பெட்டியில் 1962 என்று அச்சிட்டிருக்கிறது, பிளாஸ்டிக்கின் அடியிலும் ஆண்டு பொறித்திருக்கிறது" என்று வாதாடுவார்கள். பெட்டியில் இருப்பது ஓவியத்தின் காப்புரிமை ஆண்டு. பிளாஸ்டிக்கில் இருப்பது எஃகு அச்சை வெட்டிய ஆண்டு. அதே அச்சில் முப்பது வருடம் கழித்துப் பிளாஸ்டிக்கைச் செலுத்தினாலும் அதே ஆண்டுதான் பதியும். எந்த ஆண்டு வார்த்தது என்பதற்கு அது ஆதாரமே இல்லை.

காலத்தைச் சரியாகச் சொல்வது முகவரி. அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் குறியீடு நடைமுறைக்கு வந்தது 1963 ஜூலை 1 அன்று. 1962 என்று சொல்லும் காகிதத்தில் கம்பெனி முகவரியோடு ஜிப் எண் இருந்தால் அது 1962 காகிதம் அல்ல. ரெவெல் அந்த நாளில் கலிஃபோர்னியாவின் வெனிஸில் இருந்தது. 1986-இல் ரெவெலும் மோனோகிராம் என்ற இன்னொரு கிட் கம்பெனியும் இணைந்த பிறகு, மோனோகிராமின் ஊரான இல்லினாய் மாநில மார்ட்டன் குரோவ் முகவரி ரெவெல் தாள்களில் வர ஆரம்பித்தது. இந்தப் பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாளில், கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் மார்ட்டன் குரோவ் என்றே இருந்தது. காணாமல்போன பாகத்துக்கு எழுதிக் கேட்கும் முகவரி அது. போலி செய்தவர்கள் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை.

ஏஎம்டி என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் கிட்களுக்கும் இதே சோதனை பொருந்தும். மிச்சிகனின் டிராய் என்றிருந்தால் பழைய காலம். ஐயோவாவின் டையர்ஸ்வில் என்றிருந்தால் எர்ட்ல் கம்பெனி கைக்குப் போன பிறகு, அதாவது 1980-களிலோ அதற்குப் பின்னரோ வந்தது. இண்டியானாவின் சவுத் பெண்ட் என்றால் ரவுண்ட் 2 கம்பெனியின் இந்த நூற்றாண்டுச் சரக்கு. பார்கோடையும் பாருங்கள். கடையில் முதன்முதலாகப் பார்கோடை ஸ்கேன் செய்து பொருள் விற்றது 1974 ஜூன் 26-இல், ஓஹையோ மாநிலத்து டிராய் நகரில்; ஆகவே 1962 பெட்டியில் பார்கோடு இருக்க முடியாது. ஏஎம்டி இருந்த மிச்சிகன் டிராய் வேறு ஊர், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய ஓவியத்தையே அச்சிட்டு வரும் மறுவெளியீடுகளில் பார்கோடு பக்கவாட்டிலோ அடியிலோ ஒதுங்கியிருக்கும். அதனால் பெட்டியின் ஆறு பக்கத்துக்கும் படம் கேளுங்கள். ஐந்து படம் அனுப்பி ஒன்றை விட்டால், விட்ட பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

மறுவெளியீடு மட்டமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடல் கட்டுவதற்கு அதுதான் நல்லது. டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, படத் தாள்) புதிது, டயர் புதிது, விலையும் குறைவு. முப்பது டாலர் சரக்கை 185-க்கு விற்பதில்தான் மோசடி.

இனி ரெசின் நகல். குரோம் பாகங்கள்தான் முதலில் தொலைகிறவை, உடைகிறவை. ஆகவே நகலும் அங்கேதான் அதிகம். அசலில் பாகங்கள் எல்லாம் ஸ்ப்ரூ எனும் தாங்குச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும்போதே, முழுச் சட்டத்துக்கும் வெற்றிடத்தில் அலுமினியப் பூச்சு ஏற்றிவிடுவார்கள். பிறகு பாகத்தை வெட்டி எடுத்தால், சட்டத்தோடு சேர்ந்திருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் புள்ளியாகத் தெரிய வேண்டும். அந்த இடத்திலும் குரோம் மினுங்கினால், தனியாக இருந்த பாகத்துக்குப் பின்னால் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் எக்ஸாஸ்ட் குழாய் இரண்டும் கிரில்லும் அப்படித்தான் இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கிரில்லின் உள் மூலைகளில் குண்டூசி முனையளவு குழிகள் நாலைந்து. ரெசின் ஊற்றும்போது சிக்கிய காற்றுக்குமிழிகள் அவை. அழுத்தத்தில் செலுத்தும் பாலிஸ்டைரீனில், அதாவது அசல் கிட்டின் பிளாஸ்டிக்கில், இப்படிக் குழி வராது. பாகத்தின் பின்புறம் இருக்கும் சின்ன வட்டத் தடத்தை, அதாவது அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசியின் தடத்தை, அசலுக்கு அடையாளமாகச் சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அசலை வைத்து ரப்பர் அச்செடுத்தால் அந்த வட்டமும் சேர்ந்தே பதியும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை போதும். பாகத்தின் வெளியே தெரியாத இடத்தில் குரோமைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, மாடல் கட்டப் பயன்படும் திரவ சிமெண்டைத் தூரிகை நுனியால் ஒரு பொட்டு வையுங்கள். பாலிஸ்டைரீன் சில நொடியில் இளகிப் பிசுபிசுக்கும். ரெசின் அசையாது. அளவும் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் ரெசின் நகல் அசலைவிடக் கொஞ்சம் சுருங்கும். சின்னப் பாகத்தில் தெரியாது, முழு பாடி நகலாக இருந்தால் சேசிஸ் உள்ளே உட்காராமல் முரண்டு பிடிக்கும்போது தெரியும்.

பாகத்தை வேறு கிட்டிலிருந்து மாற்றி வைப்பதும் உண்டு. 1932 ஃபோர்டு ஹாட் ராட் கிட்களில் இது சகஜம். ஏஎம்டி 1/25 அளவு (அசல் காரில் 25-இல் ஒரு பங்கு), மோனோகிராம் பெரும்பாலும் 1/24. அசல் 1932 ஃபோர்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலான தூரம், 106 அங்குலம். 1/25-இல் அது 107.7 மில்லிமீட்டர், 1/24-இல் 112.2. சேசிஸின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம், படத்திலேயே தெரியும். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

டயரை வைத்திருந்த விதம் மோசடி அல்ல, அலட்சியம். ஆனால் இழப்பு அதைவிடப் பெரியது. பழைய கிட்டின் டயர்கள் மென்மையான வினைல். வினைலை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அது பாலிஸ்டைரீனைத் தொட்டால் அதை இளக்கிவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. இந்தப் பெட்டியில் டயர்களைத் தனிப் பையில் போடாமல் தளர்வாக விட்டிருந்தார்கள். ஒரு டயர் பாடியின் பக்கவாட்டில் சாய்ந்திருந்த இடத்தில், டயரின் வரிகள் அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்து, விரல் வைத்தால் பசைபோல் ஒட்டியது. இன்னொன்று விண்ட்ஷீல்டைத் தொட்டு அரை வட்டமாக அரித்திருந்தது. பாடியில் என்றால் இளகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புட்டி வைத்து, தேய்த்துச் சரிசெய்யலாம். கண்ணாடிப் பாகம் அரித்தால் போனது போனதுதான், மேலோட்டமான தடத்தை மட்டுமே பாலிஷ் எடுக்கும். உங்களிடம் பிரித்த கிட் ஏதாவது இருந்தால் இன்றைக்கே டயர்களை எடுத்து அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வையுங்கள். கட்டி முடித்த மாடலிலும் சக்கர விளிம்பைச் சுற்றி மெல்லிய உலோகத் தாள் ஒட்டிவிட்டு, அதன் மேல் டயரை மாட்டுங்கள்.

டெக்கால் பழையதாக இருந்தால் நேரே தண்ணீரில் போடாதீர்கள். வேண்டாத சின்ன எழுத்தொன்றை வெட்டி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் விட்டுப் பாருங்கள். தூளாக உடைந்தால், மிச்சத் தாளுக்கு டெக்கால் ஃபிலிம் திரவம் மெலிதாக இரண்டு பூச்சு கொடுத்து ஒரு இரவு காயவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு டெக்காலையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்தே எடுக்க வேண்டும், பூச்சு எல்லாவற்றையும் ஒரே படலமாக இணைத்திருக்கும். மஞ்சள் பிடித்த தாளை நீர் புகாத பையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். வளைந்துபோன பாடிக்கு 70 டிகிரி செல்சியஸ் வெந்நீர் போதும். முக்கி எடுத்து, கையால் நிமிர்த்தி, பிடித்தபடியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். கொதிக்கும் நீர் வேண்டவே வேண்டாம், பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி முழுக்க இளகிவிடும்.

பணம் கட்டும் முறைக்கு வருவோம். பேபாலில் 'பொருள்-சேவை' வகையில் கட்டினால் 180 நாளுக்குள் முறையிடலாம். 'நண்பர்-குடும்பம்' வகையில் அனுப்பச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. பெட்டி வந்ததும் அஞ்சல் ஒட்டுத்தாளில் தொடங்கி, பிலிமைக் கிழித்து, கடைசிப் பாகம் வரை வெட்டே இல்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். இந்த வழக்கில் உதவியது அந்த வீடியோவும் குறிப்புத்தாள் முகவரியின் படமும்தான். "திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தும், விவரிப்புக்கு மாறான சரக்கு என்று ஏலத் தளம் ஒப்புக்கொண்டு 185 டாலரைத் திருப்பித் தந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பிய அஞ்சல் செலவு மட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே அந்தப் பெட்டி இப்போது மறுபடி விற்றவர் கையில். புது பிலிமோடு திரும்ப ஏலத்துக்கு வரலாம். மூடியின் வலது கீழ் மூலையில் கால் அங்குல நீளத்துக்கு ஒரு கிழிசல், உள்ளிருந்து செலோடேப் ஒட்டியிருக்கும். இடப்பக்கத்தில் விலைச் சீட்டைப் பிய்த்த சதுரத் தடம், ஒரு தபால்தலை அளவுக்கு. அடிப்பெட்டியின் குறுகிய பக்கத்தில் நீல பேனாவால் போட்ட 7 என்ற எண், பாதி அழிந்தது. இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் 'சீல் பிரிக்காத' அவுட்லாவைப் பார்த்தால் ஏலம் கேட்காதீர்கள், விளம்பரத்தின் படத்தைச் சேமித்துக்கொண்டு தளத்துக்குத் தெரிவியுங்கள்.