பழைய லேட் பேமென்டை அழித்து கிரெடிட் கார்டு வாங்கித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்: எனக்கு ரூ.18,500 போய்விட்டது

ரூ.18,500. இந்தப் பணம் இனி திரும்ப வராது என்பது போன வெள்ளிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுதுவது கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய லேட் பேமென்ட் இருக்கிறவர்கள் கார்டு வாங்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2022-ல் நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்தபோது எங்களுக்கு மூன்று மாதம் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அதே நேரத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் ஆபரேஷன். கையில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் கிரெடிட் கார்டுக்கு மினிமம் டியூ (கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) கூடக் கட்டவில்லை. டிசம்பர் கடைசியில் வட்டியோடு மொத்தமும் கட்டி கார்டையே மூடிவிட்டேன். பைக் லோனிலும் இரண்டு தவணை தள்ளிப்போனது. அதையும் 2023-ல் அடைத்து என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை.

இந்த வருடம் (2025) அம்மாவை மறுபடி ராத்திரியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள், கையில் இல்லை. மச்சினனை எழுப்பி வாங்கிக் கட்டினேன். அதற்கப்புறம்தான் அவசரத்துக்கு ஒரு கார்டு இருக்கட்டும் என்று இரண்டு வங்கிகளில் விண்ணப்பித்தேன். இரண்டிலும் நிராகரித்தார்கள். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அது எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஜூன் மாதம் போனில் ஒரு விளம்பரம் வந்தது. 'லேட் பேமென்ட் இருக்கா? 45 நாளில் ஸ்கோர் 750, கார்டு கேரன்டி.' சிபில் ஸ்கோர் (நாம் கடன் கட்டிய வரலாற்றைப் பதிந்து ரிப்போர்ட் தரும் சிபில் நிறுவனம் போடும் மதிப்பெண்) சரி செய்து தருகிறோம் என்று சொல்லும் ஆன்லைன் ஏஜென்சி. பெயர் சொல்லவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு விளம்பரம் போட அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆள் எப்படிப் பேசுவார்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

ஒரு பெண் பேசினார். முதலில் 'சார்', இரண்டு நிமிடத்தில் 'அண்ணா'. பான் நம்பர் கேட்டார், கொடுத்தேன். "ஒரு ஓடிபி வரும் அண்ணா, ரிப்போர்ட் ஓபன் பண்றதுக்கு மட்டும்தான்" என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "2022 அக்டோபர், நவம்பர்... அந்த ரெண்டு மாசம் என்ன அண்ணா ஆச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி இதுவரை ஒருத்தர் கூட என்னிடம் கேட்டதில்லை. வங்கியிலிருந்து அன்று போன் செய்தவர்கள் எப்போது கட்டுவாய் என்றார்கள், அவ்வளவுதான். நான் அம்மா விழுந்தது, சம்பளம் நின்றது, மனைவியின் நகையை அடகு வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். குரல் தழுதழுத்துவிட்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் அண்ணா ஆச்சு. இது உங்க தப்பே இல்ல. இந்த ரெண்டு மாசத்தையும் ரிப்போர்ட்ல இருந்தே எடுத்துடலாம்" என்றார். நான் கொடுத்த ஓடிபியில் திறந்த என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எனக்கே படித்துக் காட்டினார் என்பது அப்போது உறைக்கவில்லை. பதிவுக் கட்டணம் ரூ.3,000-ஐ அன்றே ஜிபேயில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, வங்கிக்கு லீகல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று ரூ.9,500. வக்கீல் சின்னம் போட்ட ஒரு பிடிஎஃப் வந்தது, அதிலும் ஓடிபி மூலமாகக் கையெழுத்து. நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சேவைக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்ததை நான் அப்போது படிக்கவில்லை. ஜூலையில், "ஸ்கோர் ஏறிட்டு இருக்கு அண்ணா, கார்டுக்கு ஃபைல் போட்டாச்சு, ப்ராசஸிங் மட்டும் கட்டிடுங்க" என்று ரூ.6,000. அன்று என் மனைவி கேட்டாள், "ஏனுங்க, கார்டு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எதுக்குங்க பணம் கேக்கறாங்க?" உனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவளிடம் கத்தினேன். மொத்தம் ரூ.18,500 போனதை விட அவளிடம் அப்படிப் பேசியது எனக்கு வலிக்கிறது.

45 நாள் முடிந்தது. கார்டு வரவில்லை. போன் செய்தால் "சிஸ்டம்ல அப்டேட் ஆகிட்டு இருக்கு அண்ணா." ஒரு வாரம் கழித்து "ஃபைல் லீகல் டீம்ல இருக்கு." அப்புறம் "மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, அவரே கூப்பிடுவாரு." மேனேஜர் கூப்பிடவில்லை. நான் கேட்டு வாங்கிய இன்னொரு நம்பரில் ஒருவர், "பேங்க் சைடு டிலே சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். அந்த நிமிடத்திலிருந்து 'அண்ணா' போய் 'சார்' வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு நீல டிக் விழும், பதில் வராது. பிறகு நீல டிக்கும் நின்றது. எப்போது அடித்தாலும் பிஸி.

போன வெள்ளிக்கிழமை மனைவியின் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். அதே பெண், அதே இதமான குரல். "வணக்கம் மேடம், உங்களுக்கு லேட் பேமென்ட் ஏதாவது இருக்கா?" நான் என் பெயரைச் சொன்னேன். உடனே கட். திரும்ப அடித்தால் அந்த நம்பரும் பிளாக். இரண்டு மாதம் என் அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்த குரல் அது.

திங்கட்கிழமை லீவு போட்டு எனக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கே லோன் பிரிவில் இருந்த மேடம், சிபில் இணையதளத்தில் என் பெயரில் எப்படி உள்ளே போவது என்று காட்டினார். உள்ளே போனால் என் கணக்கில் இருந்த மெயில் ஐடி என்னுடையதே இல்லை. அவர்களுடையது. ரிப்போர்ட் சம்பந்தமாக வந்த மெயில் எல்லாம் அவர்களுக்கே போயிருக்கிறது. அதை மாற்றி ரிப்போர்ட்டை எடுத்தால், எனக்குக் கண் இருண்டது.

ஜூலையில் 12 நாளுக்குள் ஐந்து இடத்தில் என் பெயரில் கார்டுக்கும் லோனுக்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு என்கொயரியாக (கடன் கேட்டதற்காக என் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்ற குறிப்பாக) பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வந்த ஓடிபியை நானேதான் படித்துச் சொல்லியிருக்கிறேன். பணத்துக்காக அங்கும் இங்கும் அலைகிற ஆள் என்றுதான் வங்கிகள் இதை எடுத்துக்கொள்ளும் என்றார் மேடம். ஜூனில் 671 இருந்த ஸ்கோர் இப்போது 634. 300-லிருந்து 900 வரை போகும் அளவில், ரூ.18,500 கொடுத்து 37 புள்ளி இறக்கி வாங்கியிருக்கிறேன்.

அந்த இரண்டு மாதம்? அப்படியே இருந்தது. டிபிடி என்று ஒரு கட்டம் இருக்கிறது, எத்தனை நாள் தாமதம் என்பது மாதவாரியாக அதில் இருக்கும். சரியாகக் கட்டிய மாதத்துக்கு 000. அவர்கள் செய்ததெல்லாம், 'இந்தத் தாமதம் என்னுடையது அல்ல' என்று என் பெயரில் ஒரு பொய்ப் புகார். சிபில் அதை வங்கிக்கு அனுப்பியிருக்கிறது. தகவல் சரிதான் என்று வங்கி சொன்னதும் புகார் முடிந்துவிட்டது. தகவலைக் கொடுத்த வங்கி ஒத்துக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. உண்மையாகவே நடந்த லேட் பேமென்டை எந்த ஏஜென்சியாலும், எந்த வக்கீலாலும் அழிக்க முடியாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எனக்கு ரூ.18,500 மிச்சம்.

மேடம் இன்னொன்று சொன்னார், அதைக் கேட்டுத்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதவாரிக் கட்டம் கடைசி 36 மாதத்தைத்தான் காட்டும். 2022 அக்டோபரும் நவம்பரும் 2025 கடைசிக்குள் தானாகவே அந்தக் கட்டத்தை விட்டு வெளியே போய்விடும். பழைய விவரம் சிபிலிடம் இருக்கத்தான் செய்யும், ஆனால் கடன் கொடுக்கிறவர்கள் முக்கியமாகப் பார்ப்பது சமீபத்திய மாதங்களை. எனக்குச் சில மாதம் பொறுமை மட்டும்தான் தேவைப்பட்டிருக்கிறது.

ரிப்போர்ட்டில் உண்மையிலேயே ஒரு தப்பு இருந்தது. 2023-ல் நான் அடைத்த பைக் லோன் இன்னும் திறந்திருப்பதாகவும், ரூ.4,212 பாக்கி என்றும் காட்டுகிறது. சரி செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை அந்த ஏஜென்சி தொடவே இல்லை! என்ஓசியை வைத்து நானே சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (தகவல் தப்பு என்ற புகார்) போட்டேன், லோன் கொடுத்த நிறுவனத்துக்கும் மெயில் அனுப்பினேன். கால் மணி நேர வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2023-ல் கொண்டுவந்த விதி. போட்டு நாலு நாள் ஆகிறது. பார்க்கலாம்.

கடைசியாக மேடம் கேட்டார், "டெபாசிட் மேல கார்டு வாங்கலாமே சார், யாரும் சொல்லலையா?" ரூ.20,000 ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அதன் பேரில் அவர்கள் கிளையிலேயே கார்டு கிடைக்குமாம். டெபாசிட் ஈடாக இருப்பதால் பழைய ஸ்கோர் பெரிய தடையாக இருக்காது, டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், பில்லை ஒழுங்காகக் கட்டினால் ஒவ்வொரு மாதமும் ரிப்போர்ட்டில் 000 ஏறும். ரூ.20,000! நான் அந்தக் கும்பலுக்குத் தூக்கிக் கொடுத்தது ரூ.18,500.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்து ஒப்புகை எண் வாங்கினேன். நானே விரும்பி அனுப்பிய பணம், அனுப்பி வாரக்கணக்கில் ஆகிவிட்டது, உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாமா என்று பார்த்தேன். வங்கி, சிபில் போன்றவை மேல் அங்கே புகார் கொடுக்கலாம், இந்த மாதிரி ஏஜென்சி எல்லாம் அவர்கள் கட்டுப்பாட்டிலேயே இல்லை.

என்ன செய்யலாம் என்று கடைசியில் எழுதுகிறேன் என்றேன், மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, காலையில் ஷிஃப்ட். அவசரமாகச் சிலது மட்டும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், ரிப்போர்ட் பார்க்க என்றாலும் கூடாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நாலு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் உங்களுக்கு இலவசம், நீங்களே எடுங்கள். ஒரு இடத்தில் நிராகரித்தால் உடனே அடுத்த இடத்தில் போடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கார்டு தருவதற்கு முன்னால் பணம் கேட்டால் போனை வையுங்கள். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே 1930. கூப்பிடும் முன் யூபிஐ பரிவர்த்தனை எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதுதான். ஜூனில் அனுப்பிய ரூ.3,000-க்கான எண்ணைத் தேடி எடுக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.