20 நிமிடத்தில் ஒரு சான்றிதழ், 2 நாளில் இன்னொன்று

எங்கள் குடியிருப்பில் 6 மாடி, 24 வீடு, ஒரு லிஃப்ட், இரண்டு மோட்டார். சங்கத்தில் கரண்ட் சம்பந்தப்பட்ட வேலைகள் எல்லாம் என் தலையில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அதில் பெரிய ஞானம் எதுவும் கிடையாது, அன்றைய கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான்.

போன தடவை மின் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர் மெயின் போர்டைத் திறந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், மூடினார். பையிலிருந்து மீட்டர் எதையும் வெளியே எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 20 நிமிடத்தில் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லி, முத்திரை குத்தின சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாளில் தேதியைத் தவிர ஒரு எண்கூட இல்லை. நாங்களும் பெரிய மனிதர்கள் மாதிரி அதை ஃபைலில் போட்டு வைத்தோம்.

இந்த முறை சோதனை மட்டுமே செய்யும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். முந்தையவர் வாங்கியதைப்போல இரண்டரை மடங்கு கேட்டார்கள், கமிட்டியில் சண்டையே வந்தது. தேதி கொடுப்பதற்கு முன்னால் ஒரு படிவம் அனுப்பினார்கள்: ஒயரிங் வரைபடம் இருக்கிறதா, பழைய அறிக்கை இருக்கிறதா, எத்தனை போர்டு, வீட்டில் மருத்துவக் கருவியை நம்பி யாராவது இருக்கிறார்களா. வரைபடம் எங்களிடம் இல்லை. பழைய அறிக்கையாக அந்த எண்ணில்லாத தாளை அனுப்பினேன், அதற்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவர்கள்.

மருத்துவக் கருவி பற்றிய கேள்வி உண்மையிலேயே உதவியது. 5வது மாடியில் ஒரு பெரியவர் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவர் வீட்டுக்கு நேரம் தனியாகக் குறித்து, அந்த ஒரு மணி நேரத்துக்கு சிலிண்டர் ஏற்பாடு செய்த பிறகுதான் கரண்டை நிறுத்தினார்கள். மற்ற மாடிகளுக்கும் மொத்தமாக நிறுத்தாமல் மாடி மாடியாக நிறுத்தினார்கள், லிஃப்டை கடைசியில் வைத்துக்கொண்டார்கள்.

நான் எதிர்பார்க்காதது, முதல் நாள் சாயங்காலமே சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவோடு ஒருவர் வந்தது. லோடு இல்லாத நேரத்தில் பிடித்தால் எல்லாமே ஒரே நிறமாகத்தான் தெரியும், எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும் என்றார். 3வது மாடி போர்டில் நியூட்ரல் பட்டையில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்களைச் சேர்த்து முடுக்கும் இடம்) வரிசையாக ஸ்க்ரூக்கள், எல்லாம் மங்கலான ஊதா, நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாகச் சுட்டது: பக்கத்தில் இருந்தவை 40 டிகிரிக்குக் கீழே, இது 90ஐத் தாண்டி. வெறும் கண்ணுக்குத் தூசிதான் தெரிந்தது. மறுநாள் கரண்டை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஒயர்களை ஒதுக்கிக் காட்டினார், அந்த ஒயரின் மேலுறை ஒரு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பாகி, அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. முடுக்கிப் பார்த்தபோது ஸ்க்ரூ கிட்டத்தட்ட முழுச் சுற்று இறங்கியது, அவ்வளவு தளர்ந்திருந்தது. போன தடவை டார்ச் அடித்துப் பார்த்த அதே போர்டு இது.

அடுத்து மோட்டார் அறை. அங்கே இருக்கும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் வகை. அந்த அளவு கரண்ட் கசிந்தால் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் டெஸ்ட் பட்டனை அழுத்தப் போனேன், சோதிக்க வந்தவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்துவிட்டார். ரொம்ப நாள் அசையாமல் கிடந்ததில் உள்ளே இறுகியிருந்தால் பட்டனை அழுத்தியதும் இளகிவிடும், அப்புறம் கருவியில் நல்ல எண்தான் வருமாம். அவர் தன் சோதனைக் கருவியைப் போட்டார். விழவில்லை. இரண்டாவது தடவை 38 மில்லி செகண்டில் டக்கென்று விழுந்தது. "இப்ப சரியாயிடுச்சே" என்றேன். "ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது இரண்டாவது சான்ஸ் கிடைக்காது சார், மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடிப்படி விளக்கு லைனில் 500 வோல்ட் வைத்து இன்சுலேஷன் (ஒயரின் மேலுறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று) பார்த்தபோது 0.4 மெகாஓம் வந்தது, குறைந்தது 1 இருக்க வேண்டும். மொட்டை மாடி ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருந்தது. 2வது மாடியில் ஒரு வீட்டில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர். அடிக்கடி விழுகிறது என்று யாரோ பெரிதாக மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு அது விழவே இல்லை, ஒயர் அளவுக்கு மீறிச் சூடானாலும் விழாது.

அறிக்கை 31 பக்கம். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அளந்த எண், எந்தப் போர்டு, எத்தனாவது பிரேக்கர் என்று இருந்தது. குறைகளை உடனே, சீக்கிரம், முடிந்தபோது என்று பிரித்திருந்தார்கள். சரிசெய்யும் வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் அதுதான் நல்லது. தானே குறை சொல்லித் தானே வேலை பிடிக்கிறவர் காட்டும் பட்டியலை நான் இந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டேன். அடுத்த சோதனைக்கும் மொத்தமாக ஒரு தேதி போடவில்லை, மோட்டார் அறைக்கு ஒரு வருடம், வீடுகளுக்கு ஐந்து வருடம் என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இன்சுலேஷன் பார்ப்பதற்காகக் கழற்றிவிட்ட சர்ஜ் ப்ரொடெக்டரை (வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காப்பாற்றும் கருவி) ஒரு போர்டில் மறுபடி இணைக்க மறந்துவிட்டார்கள், எங்கள் எலெக்ட்ரீஷியன் நான்கு நாள் கழித்துத்தான் கவனித்தார். போன் செய்ததும் ஆள் அனுப்பினார்கள், ஆனால் அப்படி மறக்கும் விஷயமா அது? அறிக்கையும் சொன்ன தேதிக்கு 11 நாள் தாமதம். எங்கள் போர்டுகளில் "லைட் 2" என்பதற்கு மேல் எதுவும் எழுதாததால் எந்தப் பிரேக்கர் எதற்கு என்று தேடவே அரை நாள் போனது, அதற்கும் பில் போட்டார்கள். அது எங்கள் தப்பு. நீங்கள் யாரையாவது கூப்பிடுவதானால் அதற்கு முந்தின வாரமே உட்கார்ந்து பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நான்கு வீடுகள் பூட்டியிருந்தன. அவற்றுக்குச் சும்மா டிக் போடாமல் "சோதிக்கப்படவில்லை, நுழைய முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் இப்போது தேதி கொடுத்துவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காரர் மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நேற்று லிஃப்டில் பார்த்தபோது மறுபடி கேட்டேன்.

"நம்ம வீட்டுல எதுக்கு சார் அதெல்லாம்? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ட்ரிப் ஆனதே இல்ல" என்றார்.