உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டிய பூட்ஸ்: மூன்று வருட அனுபவம்

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கான முழு உயர பூட்ஸ் வாங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. தினசரி போடுவதில்லை. ஞாயிறு அதிகாலை ஈசிஆர், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஏலகிரி அல்லது கொல்லிமலை, அப்புறம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஐந்து நாள். எல்லாம் சேர்த்து 14,000 கிலோமீட்டர் இருக்கும். வண்டி கேடிஎம் ஆர்சி 390.

இப்போது போடுவது எனக்கு இரண்டாவது ஜோடி. முதல் ஜோடியைச் செருப்பு வாங்குவது போலத்தான் வாங்கினேன்: சைஸ் 42, கடையில் நாலு அடி நடந்து பார்த்தேன், சரியாக இருந்தது. மாமல்லபுரம் தாண்டுவதற்குள் சுண்டுவிரல் மரத்துப்போனது. வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் பாதத்தை வரைந்து அளந்தபோதுதான் காரணம் புரிந்தது. நீளம் 26.5 சென்டிமீட்டர், ஆனால் அகலம் 10.5. பல இத்தாலிய பூட்ஸ்கள் ஒடுக்கமான அச்சில் செய்யப்படுபவை. சின்ன வயதிலிருந்து செருப்பு போட்டு விரல்கள் விரிந்த என் பாதத்துக்கு அது ஒத்துவரவில்லை. கடையில் மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். ஒல்லியான பாதம் உள்ள நண்பனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

இரண்டாவது முறை சாயங்காலம் போனேன், நாள் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம். பைக் ஓட்டும்போது போடும் அதே சாக்ஸைக் கையோடு கொண்டுபோனேன். முன்பக்கம் அகலமான வேறொரு மாடலில் 43 போட்டுவிட்டு, கடைக்காரரிடம் கேட்டு, வாசலில் நின்ற என் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நண்பன் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் (ஓட்டும்போது பாதம் வைக்கும் கட்டை) வைத்து 15 நிமிடம் அப்படியே இருந்தேன். பூட்ஸ் வாங்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நிற்கும்போது கணுக்கால் நேராக இருக்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஃபுட்பெக் உயரத்திலும் பின்னாலும் இருப்பதால் கணுக்கால் நன்றாக முன்னோக்கி மடங்கும். பூட்ஸ் மடங்கும் இடமும் நம் கணுக்கால் மடங்கும் இடமும் ஒன்றாக இல்லையென்றால், பாதத்தின் மேற்புறத்தில் ஒரு மடிப்பு வந்து அழுத்தும். கண்ணாடி முன் நின்றால் அது தெரியவே தெரியாது. கெண்டைக்காலையும் அப்போதே பாருங்கள். முட்டி மடங்கும்போது தசை பருக்கும், வெல்க்ரோ அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

சரியான சைஸ் என்றாலும் முதல் மூன்று வாரம் சிரமம்தான். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பில், கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பிரேஸ் உரசியது. தினம் ராத்திரி டிவி பார்க்கும்போது ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 600 கிலோமீட்டர் வாக்கில் மடிப்பு தன் இடத்தில் படிந்து, பிறகு அந்த வலி வரவேயில்லை.

பூட்ஸ் போட்ட முதல் நாள் கியர் மாறவில்லை என்று பயந்துவிடாதீர்கள். பூட்ஸின் முனை தடிமனாக இருப்பதால் கியர் லீவருக்கு அடியில் நுழையாது. நான் லீவரைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டினேன். பின் பிரேக் பெடலைச் சற்றே இறக்கினேன். அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் பிரேக்கின் மென்மையான அழுத்தம் காலுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காற்றுத் துளைகள் வண்டி ஓடினால்தான் வேலை செய்யும். மே மாதம் திருவான்மியூர் சிக்னலில் நின்றால் கால் வெந்துபோகும். பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், தோல் உரியும். முட்டி வரை வரும் மெல்லிய செயற்கை இழை சாக்ஸுக்கு மாறியபின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மழைக்கு இந்த பூட்ஸ் ஆகாது.

இரண்டாம் வருடம் டிராக்கில் மெதுவான ஒரு வலது வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். வண்டி என் வலது கால் மேல் சாய்ந்தபடி சில மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. டோ ஸ்லைடர் (பூட்ஸ் முனையின் வெளிப்பக்கம் திருகி மாட்டியிருக்கும் தேய்மானத் துண்டு) பாதி தேய்ந்துவிட்டது, பிரேஸின் வெளிப்புறம் முழுக்கக் கீறல். கணுக்காலில் ஒரு வீக்கம்கூட இல்லை. அந்த பிரேஸ் காலை முன்னும் பின்னும் மட்டுமே மடங்கவிடும், பக்கவாட்டில் முறுக விடாது. உள்ளே தைத்திருக்கும் லேபிளில் ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், அதன்கீழ் நான்கு இலக்கங்களும் இருக்கும்: பூட்ஸின் உயரம், உராய்வைத் தாங்கும் வலு, வெட்டைத் தாங்கும் வலு, அடிப்பாகம் பக்கவாட்டில் நசுங்காமல் தாங்கும் வலு. ஒவ்வொன்றும் 1 அல்லது 2, இரண்டுதான் மேல். என்னுடையதில் நான்கும் 2. வண்டிக்கு அடியில் பாதம் சிக்கிய அந்த நொடியில் கடைசி இலக்கம்தான் எனக்கு உதவியது என்று நம்புகிறேன். ஸ்லைடரை மட்டும் திருகு கழற்றி மாற்றிக்கொண்டேன்.

நடக்கும்போது வரும் கிரீச் சத்தம், பிரேஸ் இணைப்பில் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் இரண்டு மாதத்துக்கு அடங்கும். ஜிப் இன்னும் நன்றாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் நான்கு மாதம் அலமாரியில் மூடியே வைத்திருந்தேன், எடுத்தபோது இடது குதிகால் பக்கம் அடிப்பாகம் விட்டிருந்தது. சென்னையின் ஈரக்காற்றில் பாலியூரிதேன் அடிப்பாகங்கள் போடாமல் வைத்தாலும் சிதைந்துபோகும். தெருமுனையில் செருப்பு தைப்பவர் ஒட்டி, ஓரத்தில் தையலும் போட்டுக் கொடுத்தார். ஊருக்குள் ஓட்ட அது போதும். டிராக்குக்குப் போகும் முன் அடிப்பாகத்தை முழுதாக மாற்றிவிடுவேன். இப்போது பூட்ஸ் அலமாரிக்கு வெளியே, மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் இருக்கிறது.