லிமிட் அலாரம்: சிறிய மில்லிங் மெஷினோடு பல வருடப் பழக்கம்

ஜிஆர்பிஎல் (Grbl, மோட்டார்களை இயக்கும் இலவச மென்பொருள்) கன்ட்ரோலரில் ஓடும் சிறிய மூன்று அச்சு மில்லிங் மெஷினைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வெட்டும் தரத்தில் பெரிய குறையில்லை. நேரத்தைத் தின்றதெல்லாம் லிமிட் அலாரம்தான், அதாவது நகர்வு எல்லை மீறப்பட்டது என்று மெஷின் நின்றுவிடுவது. அது வந்ததும் பலர் கை வைப்பது $130, $131, $132 என்ற நகர்வு எல்லைகளில் (எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் எவ்வளவு தூரம் போகலாம் என்ற அமைப்பு எண்கள்). என்னைக் கேட்டால் அவற்றைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

முதலில் அலாரம் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் அச்சின் முனையில் இருக்கும் லிமிட் சுவிட்ச் தட்டியிருக்கிறது. மெஷின் சட்டென்று நின்றதில் இடக் கணக்கு தவறியிருக்கலாம். மறுபடி ஹோமிங் (சுவிட்சைத் தொட்டு இடக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவது) செய்யாமல் எதையும் வெட்டாதீர்கள். 2 என்றால் சுவிட்ச் பக்கமே போகவில்லை, புரோகிராம் கேட்ட இடம் எல்லைக்கு வெளியே. இதில் கணக்கு தவறாது, அன்லாக் செய்தால் போதும்.

அதிகம் வருவது இந்த இரண்டாவது வகை, அதிலும் மேலும் கீழும் போகும் இசட் அச்சில். ஹோமிங் செய்த மெஷினில் இசட்டின் மேல் முனை 0, கீழே போகப் போக மைனஸ். ஜாபின் (வெட்டப்படும் பொருளின்) மேற்பரப்பு மெஷின் கணக்கில் -35 என்று வையுங்கள். வெட்டும் புரோகிராமை உருவாக்கும் கேம் (CAM) மென்பொருளில் கிளியரன்ஸ் உயரம் (வெட்டாமல் நகரும்போது டூல் ஜாபுக்கு மேலே நிற்கும் உயரம்) 50 என்றிருந்தால் கேட்கும் இடம் +15, மேல் முனையையும் தாண்டி. முதல் சில வரிகளிலேயே நின்றுவிடும். உயரத்தை 20 ஆக்கினால் -15, ஓடும். நீளமான டிரில் மாட்டும்போது ஸ்பிண்டில் இன்னும் மேலே நிற்க வேண்டும், மிச்ச இடம் குறைந்துவிடும். குட்டையான எண்ட்மில்லுக்கு (வெட்டும் டூல்) ஓடிய அதே உயரம் டிரில்லுக்கு அலாரம் அடிப்பது அதனால்தான். எக்ஸிலும் இதே கதை: ஜி54 பூஜ்யம் (ஜாபில் நாம் வைக்கும் தொடக்கப் புள்ளி) மெஷின் கணக்கில் -80இல் இருந்து புரோகிராம் 90 வரை போனால் +10. ஜாபைப் பிடிக்கும் வைஸைத் தள்ளி வைக்க வேண்டியதுதான்.

எல்லை எண்ணே தவறாக இருப்பதும் உண்டு. ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பின் பொது அமைப்பில் மூன்று அச்சுக்கும் 200 மி.மீ. என்றுதான் வரும். போர்டு மாற்றிய பிறகு 300 மி.மீ. போகும் மேசை 200இல் முரண்டு பிடித்தால் அந்த எல்லை எண்களைப் பாருங்கள். அதற்கு முன் $100இல் உள்ள ஸ்டெப் கணக்கை (எக்ஸ் ஒரு மி.மீ. நகர மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப் என்பது) ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்; அது பிசகினால் எல்லையும் பிசகும்.

ஸ்பிண்டில் ஆன் ஆகும்போது மட்டும் அலாரம் 1 வந்தால் மின் இரைச்சல் என்றுதான் சந்தேகிப்பேன். ஷீல்டு கேபிள் போட்டு, ஸ்பிண்டில் ஒயரிலிருந்து விலக்கி, சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டாக (தட்டாதபோது சுற்று மூடியிருக்கும் வகை) மாற்றிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை குறைந்தது. ஒயர் அறுந்தாலும் உடனே தெரியும் என்பது கூடுதல் லாபம்.

பிடிக்காத ஒன்று: ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டால் கன்ட்ரோலருக்குத் தெரியாது, சாஃப்ட் லிமிட்டும் (அலாரம் 2 தரும் எல்லைச் சோதனை) பழைய கணக்கையே நம்பும். அப்புறம், டூலைத் தூக்க ஜி53 இசட்0 (மெஷின் கணக்கில் இசட் 0க்குப் போ என்ற கட்டளை) என்று எழுதாதீர்கள். 0 என்பது சுவிட்ச் தட்டும் இடம். நான் எப்போதும் -2 என்றுதான் எழுதுகிறேன்.